நாலாவது பாட்டுல கூப்பிடுறது யாரு

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உங்க போன்ல இருக்கிற அந்தப் பாட்டை அழிச்சிடாதீங்க. தொடவே தொடாதீங்க. இடம் பத்தலைன்னா வேற எதையாவது அழிங்க, யாரோட கல்யாண வீடியோவாவது இருக்கும், அதை அழிங்க. இது மட்டும் இருக்கட்டும்.

நான் நிலோஃபர். குரூப்ல நிலோன்னு இருக்கேன்ல, அதுதான். நீங்க அண்ணனா அக்காவா தெரியல, டிபியில பூனைதான் உக்காந்திருக்கு, அதனால நீங்கன்னே வெச்சுக்கறேன். நேத்து குரூப்ல சேர்ந்தீங்க. இன்னிக்குக் காலையில ரெண்டு கேள்வி போட்டீங்க. கழிமுகம் பேண்டோட மூணு ஆல்பத்துல எது பெஸ்ட்னு ஒண்ணு. அது பரவால்ல, வர்றவங்க எல்லாரும் கேக்குறதுதான். இன்னொண்ணு, 'மறுகரை ஆல்பத்துல நாலாவது பாட்டு நடுவுல ஒரு அம்மா, வா சாமி, சோறு ஆறுதுன்னு கூப்பிடுதே, அது யாரு, பேர் எங்கயும் போடலையே'ன்னு.

பாத்தீங்கல்ல, யாரும் பதில் போடல. அத்தனை பேரும் பாத்தாச்சு, நீல டிக் விழுந்தாச்சு. நீங்க எதுவும் தப்பா கேக்கல. விஷயம் என்னன்னா, அந்தக் குரல் இருக்கிற காப்பி எங்க யார்கிட்டயும் இப்ப கிடையாது. ஒரு வருஷமா தேடுறேன். உங்ககிட்ட இருக்கு. அதை எனக்கு அனுப்பணும், ஒருத்தருக்குக் குடுக்கணும். ஏன்னு சொன்னாத்தான் புரியும், இருங்க.

வந்துட்டேன். நான் திருச்சியில ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன். பேர் கூப்பிடுறதுதான் வேலை. வயித்து ஸ்கேனுக்கு வர்றவங்க எல்லாம் தண்ணியாக் குடிச்சுட்டு முட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, எம்மூஞ்சையே பாத்துக்கிட்டு. அதனால விட்டு விட்டுத்தான் அடிப்பேன், கோச்சுக்காதீங்க.

எது பெஸ்ட்னு கேட்டீங்கல்ல. 'பாதரசம்'தான். மூணாவது ஆல்பம். இதுல பேச்சே இல்ல. உறுமி மேளத்தையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் சண்டைக்கு விட்ட மாதிரி அந்த மொதப் பாட்டு இருக்கு பாருங்க, அதை ஹெட்செட்ல கேட்டுட்டு நான் பஸ்ஸை விட்டு இறங்காம சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்ப சத்திரத்துக்கே வந்திருக்கேன். ஆனா குரூப்ல மூணு கட்சி. மொத ஆல்பம் 'ஈயத்தட்டு' கட்சிக்குத் தலைவர் அட்மின் லூர்து அண்ணன். தூத்துக்குடிக்காரர், பேண்டு பசங்க வாசிச்ச தெருவுலயே வளந்தவர். 'ஏ பிள்ள, அவனுவ கையில காசில்லாம பண்ணதுதான் பாட்டு, மத்ததெல்லாம் பவுடர் போட்டது'ம்பாரு. என்னைய 'பாதரசப் பிள்ள'ன்னுதான் கூப்பிடுவாரு, ஓட்டறதுக்கு. நானும் விடமாட்டேன், 'ஈயத்தட்டு நசுங்கிப் போச்சுண்ணே'ம்பேன்.

நாங்க ரெண்டு கட்சியும் அடிச்சுக்குவோம். ஜெயிக்கிறது எப்பவும் 'மறுகரை'. ரெண்டாவது ஆல்பம். வருஷா வருஷம்.

எப்படின்னா, எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அமுக்கு ஞாயிறுன்னு பேரு. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டதும், அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க வீட்டுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காரணும். லூர்து அண்ணன் குரூப்ல மூணு, ரெண்டு, ஒண்ணு, அமுக்குன்னு போடுவாரு. எல்லாரும் ஒரே நேரத்துல ப்ளே அமுக்கணும். மூணு ஆல்பமும் வரிசையா. யாரும் நடுவுல நிறுத்தக்கூடாது, கேக்கக் கேக்க மனசுல தோணுறதைக் குரூப்ல போடணும். முடிஞ்சதும் ஓட்டு. ஜெயிச்ச ஆல்பத்தோட அட்டைதான் அடுத்த வருஷம் வரைக்கும் குரூப்புக்கு டிபி. சின்ன விஷயம் மாதிரி இருக்கும் உங்களுக்கு. நான் சேர்ந்ததுல இருந்து அந்த மறுகரைப் படகையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ஜெயிக்க வெச்சது அந்தக் குரல்தான். பாட்டு உங்களுக்குத் தெரியும். வள்ளத்துல போன பையன் திரும்பி வரல, அதான் பாட்டு. நடுவுல டிரம்ஸ் நின்னுடும், கிட்டார் நின்னுடும், பேஸ் மட்டும் தொலைவுல அலை மாதிரி வந்து வந்து போகும். அப்ப, எங்கேயோ உள்ளுக்குள்ள இருந்து, வா சாமி, சோறு ஆறுது. அவ்ளோதான். அழவே அழாத ஆளுங்கல்லாம் அந்த இடத்துல அழுத பொம்மையாப் போட்டுத் தள்ளுவாங்க. கடலுக்குப் போய் வராத பையனுக்கு அம்மா சோறு போட்டு வெச்சிருக்கா, உலகத்துல எந்த ராக் பேண்டும் இப்படி யோசிச்சதில்லைன்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க. ஒருத்தர், அந்த ஆல்பம் பூரா பின்னாடி ஓடுற உறுமல் இருக்கே, அது ஆலைச் சத்தம், கடலை ஆலை தின்னுடுச்சுன்னு சொல்றாங்கன்னு கட்டுரையே போட்டாரு. நான் அதைப் படிச்சு ஹார்ட் வேற விட்டிருந்தேன்.

ஒரு நிமிஷம், சவரிமுத்துன்னு ஒருத்தரைக் கூப்பிடணும்.

வரல அவரு. மூணு தடவை கூப்பிடணும், வரலைன்னா அடுத்த ஆளு. எங்க சென்டர் ரூல்.

சென்னியப்பன் அண்ணனைப் பத்தி சொல்லணும். கோபிக்காரர். நாப்பதுக்கு மேல இருக்கும். விசைத்தறிக்கு உதிரி பாகம் வித்துக்கிட்டிருக்காரு. அவரு மறுகரைக் கட்சி. ஆனா ஒருநாளும் ஒரு காரணம் சொன்னதில்லை. எல்லாரும் நீட்டி முழக்குவோம், அவரு 'எனக்கு ரெண்டாவதுதாங்க'ன்னு ஒத்த வரி. ஏன் அண்ணே, எதனால, விளக்குங்கன்னு நான் விடாம கேப்பேன். 'கேட்டா நல்லாருக்குதுங்க நிலோ'ம்பாரு. இதெல்லாம் ஒரு வாதமா, சொல்லுங்க.

இன்னொரு பழக்கம் வேற. அமுக்கு ஞாயிறு நடந்துக்கிட்டிருக்கும், நாலாவது பாட்டு, அந்தக் குரல் வரும், உடனே இவரு குரூப்ல 'வர்றேன்'னு போடுவாரு. வர்றேங்கன்னு கூட இல்ல, வர்றேன். போட்டுட்டு ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்ப வருவாரு. எனக்கு அது பயங்கரக் கடுப்பு. நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல. வருஷா வருஷம் சரியா அதே இடத்துல இந்த மனுஷன் எங்கதான் போறாருன்னு நானே குரூப்ல கேட்டிருக்கேன். கோபியில அந்த நேரத்துக்குத் தண்ணி விடுவாங்க போலன்னு லூர்து அண்ணன் ஓட்டினாரு. சென்னியப்பன் அண்ணன் ஒரு சிரிப்பு பொம்மை போட்டாரு. அவ்ளோதான்.

சரி, இப்ப என் விஷயம். எங்க சச்சா, அத்தாவோட தம்பி, ஒரு பழைய ஆம்னி வேன் வெச்சிருந்தாரு. அதை உடைக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி என்னைய உள்ள இருக்கிறதெல்லாம் எடுக்கச் சொன்னாரு. டேஷ்போர்டுக்குள்ள கைய விட்டா ஒரு கேசட். மறுகரை. அசல் கேசட். உங்களுக்குப் புரியாது, அந்தக் கேசட்டை எங்க குரூப்ல ஒருத்தர் கண்ணால பாத்ததில்ல. கம்பெனி கொஞ்சமா போட்டுட்டு இழுத்து மூடிட்டான். யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்துலயோ கம்ப்யூட்டர்ல ஏத்தி நெட்ல விட்ட காப்பிதான் ஊர் பூரா சுத்திக்கிட்டிருந்துச்சு. அத்தனை பேரும் கேட்டது அதுதான்.

என் கூடப் படிச்ச பையன் ஒருத்தன் ஸ்ரீரங்கத்துல சின்னதா ஸ்டுடியோ வெச்சிருக்கான். அங்க கொண்டு போயி டெக்குல போட்டு, ஒயர்ல நேரா ஏத்தினோம். என்னா சத்தம் தெரியுமா. கழுவி விட்ட மாதிரி. அந்த உறுமல் இல்ல. நாலாவது பாட்டு வந்துச்சு, டிரம்ஸ் நின்னுச்சு, கிட்டார் நின்னுச்சு, பேஸ் மட்டும். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஒண்ணும் வரல.

திரும்பப் போட்டோம். ஒண்ணும் இல்ல. பேஸ் வருது, போகுது, பாட்டு மறுபடி ஆரம்பிக்குது. அந்தம்மா கேசட்லயே இல்ல.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. பயத்துல இல்ல, சந்தோஷத்துல. ஏன்னா சட்டுனு எல்லாம் புரிஞ்சு போச்சு. அந்தப் புண்ணியவான் ஒயர் போடல. டேப்ரிக்கார்டர்ல பாட்டை ஓட விட்டு, முன்னாடி மைக்கை வெச்சுப் பதிஞ்சிருக்கான். ஆலைச் சத்தம் ஆலைச் சத்தம்னாங்களே, அது சீலிங் ஃபேன். அந்தம்மா அவன் அம்மா. சாப்பிடக் கூப்பிட்டிருக்கு. யோசிச்சுப் பாருங்க, தூத்துக்குடிக் கரையில எந்த அம்மா புள்ளைய சாமின்னு கூப்பிடும்? வால மக்கான்னுதானே கூப்பிடும். இதை லூர்து அண்ணன்கிட்ட பின்னாடி கேட்டேன். 'எனக்கும் தோணத்தான் செஞ்சுது பிள்ள. ஆனா அழுகை வந்த பொறவு எவன் ஊரைப் பாப்பான்'னாரு.

ஆக, வருஷா வருஷம் ஜெயிச்சது மறுகரை இல்ல. யாரோ வீட்டுச் சோறு. என் பாதரசம் தோத்தது அதுக்கிட்ட.

நான் உடனே சொல்லல. அமுக்கு ஞாயிறு வரட்டும்னு வெச்சிருந்தேன். அதுவரைக்கும் அசல் கேசட் கிடைச்சுது, அருமையான சவுண்டு, புதுசா ஏத்தியிருக்கேன்னு மட்டும் சொன்னேன். குரூப் டிரைவ்ல இடம் இல்ல, அதனால பழசை எடுத்துட்டு என்னோடதைப் போட்டேன். பேரே 'மறுகரை அசல்'னு வெச்சேன். எல்லாரும் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பழசை அழிச்சிடுங்க, ரெண்டு இருந்தா அமுக்குறப்ப ஆளுக்கு ஒண்ணு ஓடும்னேன். அழிச்சதுக்கு ஸ்கிரீன்ஷாட் கேட்டேன், ஓட்டுப் போட்டுட்டு விரல் மையைக் காட்டுறோம்ல, அந்த மாதிரி. ஜாலியாத்தான். ஆளாளுக்குப் போட்டாங்க. மொத ஆளா போட்டது சென்னியப்பன் அண்ணன்தான். 'பண்ணிட்டேங்க நிலோ. புதுசுக்கு நன்றிங்க.'

இருங்க, ஒரு அக்கா வந்து நிக்கிறாங்க. இன்னும் எவ்வளவு நேரம்மா, என்னால அடக்க முடியலங்கறாங்க.

உள்ள அனுப்பிட்டேன். எங்க விட்டேன். ஞாயிறு.

அமுக்கினோம். மொத ஆல்பம் முடிஞ்சுது. ரெண்டாவது ஆரம்பிச்சதும் எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க, சவுண்டைப் பாருங்கறாங்க. எனக்குப் பெருமை தாங்கல. நாலாவது பாட்டு. அந்த இடம். குரூப்ல ஒரு எழுத்து இல்ல. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியுது, எனக்கு இங்க சிரிப்பு முட்டுது. பாட்டு தாண்டிப் போயிடுச்சு. வர்றேன்னும் வரல.

அப்புறம் சென்னியப்பன் அண்ணன் போட்டாரு. 'நிலோ, நாலாவது பாட்டு சரியா ஏறலைங்க போல. நடுவுல விட்டுப் போயிருக்குது. மறுபடி ஏத்த முடியுங்களா?'

இதுக்குத்தானே காத்திருந்தேன். மொதல்லயே அடிச்சு வெச்சிருந்ததை அப்படியே ஒட்டினேன். கேசட் போட்டோ, அலை மாதிரி வரைஞ்சு வருமே அந்தப் படம், மைக்கு, ஃபேன், சாமி, எல்லாம். கடைசியில, இத்தனை வருஷம் எவனோ ஒரு சோம்பேறி சாப்பிட எந்திரிக்காம இருந்ததுக்கு நம்ம உக்காந்து அழுதிருக்கோம்னு போட்டு, வரிசையா சிரிக்கிற பொம்மை.

கொஞ்ச நேரம் 'டைப்பிங்'னு காட்டுச்சு. நின்னுச்சு. மறுபடி காட்டுச்சு.

'அது எங்கம்மாங்க.'

அவ்ளோதான் போட்டாரு. மைக் வெச்சுப் பதிஞ்சு நெட்ல விட்டது அவருதானாம், அப்ப காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தாராம். அந்த வர்றேன் யாருக்குன்னு அன்னிக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. லூர்து அண்ணன்தான் கேட்டாரு, அம்மா இருக்காங்களான்னு. அந்த வருசமே போயிட்டாங்கன்னாரு. அப்பல்லாம் போன் ஏதுங்க, வேற எதுலயும் அவங்க குரல் இல்லைங்கன்னாரு. பழைய கம்ப்யூட்டர் எப்பவோ போச்சாம், போன்ல இருந்தது ஒண்ணுதானாம். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் பாட்டுலயே இருக்குன்னு ஆயிப்போச்சாம், அதான் யோசிக்காம அழிச்சுட்டாராம். அதுக்கப்புறம், 'யாருகிட்டயாச்சும் பழசு இருக்குங்களா?'

யார்கிட்டயும் இல்ல. எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் போட்டாச்சே.

நீங்களே சொல்லுங்க, இதுல நான் பண்ணது என்ன? உண்மையைச் சொன்னேன். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? நான் கேக்காத கேள்வியா? எத்தனை தடவை ஏன் அண்ணே ஏன் அண்ணேன்னு கேட்டேன். என்னை யாரும் திட்டல, அதான் கொடுமை. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்னிக்கு ஓட்டே நடக்கல. மூணாவது ஆல்பத்தை யாரும் அமுக்கவே இல்ல. எதிர்த்து யாரும் நிக்காததால முறைப்படி பாதரசம்தான் ஜெயிச்சுது, ஆனா பழைய படகை எடுத்ததோட சரி, டிபியில யாரும் எதையும் வைக்கல. இப்பவும் பாருங்க, வெறும் சாம்பல் வட்டமாத்தான் இருக்கு. நான் ஒரு தடவை பாதரசத்து அட்டையை வெச்சேன். நானே எடுத்துட்டேன்.

எவ்வளவோ தேடிட்டேன். அந்தக் காலத்துப் பாட்டு சைட் எல்லாம் செத்துப் போச்சு. புதுசா யாரு குரூப்ல வந்தாலும் தனியா போயி உங்ககிட்ட மறுகரை இருக்கான்னு கேப்பேன். எல்லாரும் இல்லைம்பாங்க, டிரைவ்ல இருக்கேம்பாங்க. கோபி பக்கத்துப் பொண்ணு ஒருத்தி எங்க ஹாஸ்டல்ல இருந்தா. அவளை அதையே சொல்லச் சொல்லி, ஃபேன் எல்லாம் போட்டு, அந்த இடத்துல சேத்து அவருக்கு மட்டும் அனுப்பினேன். நெஜமாவே நல்லா வந்திருந்துச்சு. அவரு கேட்டுட்டு, 'நல்லா கூப்பிடுறாங்க. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்'னு போட்டாரு. அதை அன்னிக்கே அழிச்சுட்டேன். அவரும் அழிச்சிருப்பாரு. குரூப்லதான் இருக்காரு, போகல. எல்லாத்தையும் பாப்பாரு. ஒரு வருஷமா ஒரு எழுத்துப் போடல.

அதனாலதான் நீங்க காலையில கேட்டதும் பேர் கூப்பிடுறதை விட்டுட்டு உங்களுக்கு அடிக்க ஆரம்பிச்சேன். உங்ககிட்ட அந்த ஃபைல் எப்படி வந்துச்சு? யாரு குடுத்தா? பழைய சிடி ஏதாவதா? மெதுவா தேடிச் சொல்லுங்க. நான் சவரிமுத்துவை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன்.

அவரு வரல. நீங்க வந்துட்டீங்க.

டிரைவ்ல இருந்தா? இல்லல்ல, அதுல இருக்காது. நேத்து ராத்திரிதான் இறக்கினேன்னு சொல்றீங்க, அப்ப அது வேறயா இருக்கும். ஃபைல் பேரைப் பாருங்க. கடைசியில அசல்னு இருக்கா?

இருக்கா.

அது என்னோடதுங்க. அது நான் ஏத்தினது. அதுல யாரும் இல்ல.

வேற எங்கயாவது கேட்டிருக்கீங்களா, சின்ன வயசுல, அண்ணன் யாராவது போட்டு? கழிமுகம்னு பேரே போன வாரம்தான் தெரியும்னா, அப்புறம் எப்படி? குரூப்ல பழசு எதையாவது படிச்சீங்களா? புதுசா சேர்றவங்களுக்குப் பழைய மெசேஜ் காட்டாதே. வா சாமி, சோறு ஆறுதுன்னு காலையில நீங்கதானே போட்டீங்க. நான் சொல்லித் தரலையே. நான் அதுக்கப்புறம்தானே உங்ககிட்ட பேசினேன்.

இருங்க. ஹெட்செட் ஹேண்ட்பேக்லதான் இருக்கு. துப்பட்டாக்குள்ள ஒரு காதுல மாட்டிக்கிட்டா யாருக்கும் தெரியாது. அந்த ஞாயித்துக்கு அப்புறம் இந்தப் பாட்டை நான் போடல.

போட்டுட்டேன்.

டிரம்ஸ் நின்னுச்சு.

பேஸ்.

ஒண்ணும் இல்லைங்க. டேப் ஓடுற இரைச்சல்தான். எனக்கு ஒண்ணும் கேக்கல.

ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டேன். எதிர்ல பாட்டிலும் கையுமா உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க, பேர் வரும்னு. மறுபடி போட்டேன். இல்ல. பேஸ் வருது, போகுது. எனக்குத்தான் இல்லையா?

குரூப்ல ஏதோ வந்திருக்கு, மேல காட்டுது. யாராவது உங்களுக்குப் பதில் போட்டிருப்பாங்க.

சென்னியப்பன் அண்ணன்.

'வர்றேன்'னு போட்டிருக்காரு.

யாரும் அமுக்கச் சொல்லல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் இல்ல. அவரும் டிரைவ்ல இருக்கிறதைத்தான் போட்டிருப்பாரு, அவர்கிட்டயும் வேற இல்ல. லூர்து அண்ணன் இப்ப ஒரு கும்பிடு போட்டிருக்காரு. இன்னொருத்தர் அழுத பொம்மை. இன்னொருத்தர். எல்லாரும் அமுக்கிட்டாங்க போல. எல்லாரும் கேட்டுட்டாங்க போல.

நான் மூணாவது தடவை போடுறேன். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டிரம்ஸ் நின்னதும் வருதா, கொஞ்சம் கழிச்சு வருதா? இடது காதுலயா, வலதுலயா? இந்த ஆல்பத்துல ஒவ்வொரு நொடியும் எனக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் அது எங்கன்னு சொல்லுங்க, நான் அங்கேயே காதை வெச்சுக்கறேன்.